விற்றதும் விற்காததும்

கணபதியில் குடியிருப்பவனுக்கு இரும்பு அடிபடும் சத்தம் தொந்தரவாகத் தோன்றாது. வார்ப்படச் சாலைகளும் லேத்துப் பட்டறைகளும் நிறைந்த ஊர். சேவல் கூவுவதற்கு முன்பே எங்காவது ஒரு கிரைண்டர் கூவிவிடும். அந்தச் சத்தத்தின் நடுவே உட்கார்ந்துதான் இத்தனை வருஷமாக நான் கதை எழுதி வருகிறேன். ஆயினும், இரும்பைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதை ஒரு பழைய டிரெய்லர்தான் எனக்குப் புரிய வைத்தது.

அப்பா காலமான பிறகு அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டோம். டிராக்டரை முதலில் விற்றாயிற்று. அதன் பின்னால் பூட்டி இழுக்கிற டிரெய்லர் மட்டும் வேப்பமரத்தடியில் அநாதையாய் நின்றது. எருவும் வாழைத்தாரும் சுமந்த வண்டி; மாரியம்மன் நோம்பிக்குச் சிறுவர்களாகிய எங்களையும் சுமந்த வண்டி. அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒரு வாலிபர் கேட்டு வந்தார். 70,000 ரூபாய்க்குப் பேச்சு முடிந்தது. விற்பனைக்குப் போகிற பெண்ணுக்கு அலங்காரம் செய்கிற மாதிரி, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடலாமென்று வீட்டுக்குப் பின்புறத்துப் பட்டறையில் கொண்டுவந்து விட்டேன்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி கூப்பிட்டனுப்பினார். டிராக்டரில் மாட்டுகிற வளையத்துக்குப் பின்னால் சட்டத்தைப் பற்றவைத்திருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துக் காட்டினார். தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது.

"விரிசலுங்க. பெயின்ட் அடிச்சா தெரியாதுங்க. அடிச்சுப்போடட்டுங்களா?"

அவர் கேட்டது தொழில் சம்பந்தமான கேள்வி. என் மனச்சாட்சியை அவர் விசாரிக்கவில்லை. ஆனாலும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

"இத்துனூண்டு கோட்டினால் என்ன ஆகிவிடப் போகிறது, மேஸ்திரி?"

அவர் கீழே கிடந்த ஒரு கட்டுக்கம்பியை எடுத்து இழுத்தார், அறவில்லை. வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தினார், பட்டென்று ஒடிந்தது. "ஒரே இழுப்புல போகாதுங்க. ஒவ்வொரு குழியிலயும் கொஞ்சங் கொஞ்சமா உள்ளே போயிட்டே இருக்கும். மேலாக வெல்டிங் வெச்சா உள்ளே இருக்கிறது அப்படியேதான் இருக்கும். வெட்டிப்போட்டுப் புதுசு வெக்கோணுமுங்க. எட்டாயிரம் ஆகும்."

1842-ல் வெர்ஸேல்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலில் இஞ்சினின் அச்சு ஒடிந்து ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். இரும்பும் களைத்துப் போகும் என்பதை அதன் பிறகு அறிஞர்கள் இன்னும் ஊன்றி ஆராயத் தலைப்பட்டார்கள். மேஸ்திரிக்கு அதை ஒரு முழக் கம்பியே சொல்லிக் கொடுத்திருந்தது.

இரவு தூக்கம் பிடிக்கவில்லை. எட்டாயிரம் எட்டாயிரம்தானே! 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொதுவான போக்கு, வாங்குகிறவன் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டியது என்பது. அதற்கு விலக்குகள் உண்டு. ஆனால் நமக்குச் சாதகமானதைத்தானே மனசு முதலில் எடுத்துக்கொள்கிறது? ரோமாபுரியின் சிஸரோ கி.மு. 44-ல் தம் மகனுக்கு எழுதிய கடமைகளைப் பற்றிய நூலில் ஒரு வழக்கு வருகிறது. ஒருவன் வீடு விற்கிறான். உத்தரம் உளுத்தது அவனுக்கு மட்டும் தெரியும். சொல்ல வேண்டுமா? சொல்லித்தான் ஆகவேண்டும் என்கிறார் ஆண்டிபேட்டர். சொல்லாதிருப்பது வேறு, ஏமாற்றுவது வேறு என்கிறார் அவருடைய ஆசிரியர், பாபிலோன்காரரான டயோஜெனிஸ். சிஸரோவின் தீர்ப்பு ஆண்டிபேட்டர் பக்கம். எனக்கோ அன்றிரவு டயோஜெனிஸைத்தான் மிகவும் பிடித்திருந்தது.

விடிந்ததும் எப்படியோ ஆண்டிபேட்டர் ஜயித்துவிட்டார். வாலிபர் வந்தவுடன் கையைப் பிடித்து அழைத்துப் போய் விரிசலைக் காட்டினேன். அரிச்சந்திரனுக்கு அடுத்தபடி நான்தான் என்ற நினைப்பு எனக்கு.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "அப்போ ஒரு அஞ்சாயிரம் கொறைச்சுக்குங்க" என்றார்.

குறைத்தேன். பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

"வெல்டிங் எப்போது வைப்பீர்கள், தம்பி?"

"கடலைக்காய் முடியட்டுங்க. இப்போ தெனமும் ஆள் கூட்டிட்டு வரோணுமில்லீங்களா?"

ஆள்! என் அரிச்சந்திர வேஷம் அங்கே கலைந்தது. அந்தப் பெண்களை எனக்குத் தெரியும். தூக்குப்போசியும் தலையில் துண்டுமாகச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் தோட்டத்துக்கும் அப்படித்தான் வந்தார்கள். சரக்கு ஏற்றுவதற்கென்று ஏற்பட்ட வண்டியில் ஆள் ஏற்றக் கூடாதென்று அப்போது எனக்கும் தோன்றியதில்லை. அந்த விரிசலை நான் இவருக்குச் சொன்னேன். இவர் விலையில் கழித்துக்கொண்டார். இருவருக்கும் கணக்குத் தீர்ந்தது. அதன்மேல் ஏறி நிற்கப் போகிறவர்கள் இந்தப் பேரத்தில் எங்கே இருந்தார்கள்? அவர்களுடைய ஆபத்துக்கு ஐயாயிரம் ரூபாய் விலை போட்டு, அதையும் இவரிடமே கொடுத்துவிட்டேன்!

"சட்டம் மாற்றாமல் வண்டி போகாது, தம்பி" என்றேன்.

"வாங்குனது நானுங்க. ஒடைஞ்சா நான் பாத்துக்கறேன்."

"ஒடிகிறபோது நீங்கள் டிராக்டரில் இருப்பீர்கள்."

அவர் முகம் சுருங்கியது. கடைசியில் ஒருவழியாகச் சமாதானம் ஏற்பட்டது. குறைத்த ஐயாயிரத்தை அவர் மேஸ்திரியிடம் கொடுப்பது. மீதி மூவாயிரத்தை நான் போடுவது. வளையம் விட்டுப் போனாலும் வண்டியைப் பிடித்து நிறுத்த இரண்டு சங்கிலிகளும் சேர்த்துப் போடச் சொன்னேன்.

வெட்டி எடுத்த துண்டை மேஸ்திரி என்னிடம் காட்டினார். சட்டத்தின் கனத்தில் பாதிக்கு மேல் துரு ஏறிப் பழுப்பாயிருந்தது. அவ்வளவும் பழைய விரிசல். மீதிதான் வெள்ளையாய்ப் பளபளத்தது. அந்த வெள்ளையை நம்பித்தான் இத்தனை நாளும் வண்டி ஓடியிருக்கிறது.

பத்திரங்களில் கையெழுத்துப் போட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் 14 நாளைக்குள் தெரிவித்துவிட்டேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் விற்கிறவனிடம் கேட்பது அது. இது வெறும் சம்பிரதாயம் என்று யாரும் எண்ண வேண்டாம். கைமாறிக் கைமாறிப் போன ஒரு வண்டியால் நேர்ந்த விபத்தில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே சட்டப்படி சொந்தக்காரர், நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. பெயர் மாறினால் அந்தப் பொறுப்பும் மாறிவிடும். ஆனால் அந்தக் கோட்டை நான் பார்த்துவிட்டேனே, அதை யார் பெயருக்கு மாற்றுவது? வண்டியை விற்கலாம்; அதைப் பற்றி நமக்குத் தெரிந்ததை விற்க முடியாது. மேஸ்திரி வெட்டி எறிந்தபோதுதான் அது என்னை விட்டுப் போயிற்று.

முழுவதும் போய்விட்டதென்றும் சொல்ல மாட்டேன். ஆள் ஏற்றாதீர்கள் என்று புறப்படும்போது சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

போன வருஷம் அன்னூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். பக்கத்திலிருந்தவரிடம், "இவுருகிட்ட சாமான் வாங்குனா ரெண்டு நாள் சேத்தி ஆகுமுங்க" என்று என்னை அறிமுகப்படுத்தினார். பாராட்டா, புகாரா என்று நான் கேட்கவில்லை. சங்கிலி இருக்கிறதா என்றுதான் கேட்டேன். இருக்கிறதாம்.