சிவப்பில் ஓர் எழுத்து

வடையை எடுத்த பிறகுதான் தாளில் மலை தெரிந்தது.

இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன். கதிர்கள் ஸ்கேல் வைத்துப் போட்டவை. அடிவாரத்தில் ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை, மேலே நாலைந்து பறவைகள். தமிழ்நாட்டில் பென்சில் பிடித்த பிள்ளைகளில் இந்தப் படத்தைப் போடாத பிள்ளை இருக்காது. எல்லா ஊரிலும் அது சூரிய உதயம். புளியங்குடிக்கு மலை மேற்கே இருக்கிறது. இங்கே நடுவில் நிற்பது மறைகிற சூரியன். பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும், பறவைகள் எல்லாம் தென்னையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தன.

விடைத்தாளின் கடைசிப் பக்கம் அது. எழுதாமல் விட்ட இடத்தை அடைக்க ஆசிரியர்கள் மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு இழுப்பார்கள் அல்லவா, அந்தக் கோடு மேல் மூலையில் தொடங்கி நேராக வந்து, மலைக்குப் பக்கத்தில் வளைந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. படத்தின் மேல் படவே இல்லை.

வடை ஆறும் வரை அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2025 மே 17, சனிக்கிழமை. கத்திரி வெயில். தென்காசி போகிற சாலையை ஒட்டி ஒரு டீக்கடை. பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் உட்கார்ந்தேன். புளியங்குடியில் கோடைதான் எலுமிச்சைக்கு நல்ல விலை வரும் காலம். மூட்டைகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. கேரளத்துக்குப் போகிற லோடு ஏற்றிவிட்டு வந்தவர்கள் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சட்டையில், கையில், நீட்டுகிற ரூபாய் நோட்டில்கூட எலுமிச்சை வாசம்.

மாஸ்டரின் இடது கைப்பக்கம் சணல் கயிற்றில் கோத்துத் தொங்கியது தாள்கட்டு. அச்சடித்த பேப்பரில் தின்பண்டம் கொடுக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை சொன்னபிறகு கடைக்காரர்கள் எழுதிய தாளுக்கு மாறியிருக்கிறார்கள். அரசுப் பொதுத்தேர்வுத் தாள்கள் இப்படிக் கடைக்கு வருவதில்லை. இவை காலாண்டு, அரையாண்டு, மாதத் தேர்வுத் தாள்கள். வருடக் கடைசியில் பள்ளி அலமாரியை ஒழிக்கும்போது எடைக்குப் போட்டவை. மாஸ்டர் பார்க்காமலே ஒரு தாளைப் பிய்ப்பார், வடையை வைப்பார், நீட்டுவார். வாங்கியவர் தின்பார், விரலைத் தாளில் துடைப்பார், கசக்கி டிரம்மில் போடுவார். ஒரு தாளின் ஆயுள் நாலு நிமிஷம்.

சிலர் கசக்காமல் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

தாள்களின் தலைப்பகுதியை முதலில் பார்த்தேன். ஒன்றில் பிள்ளையார் சுழி. ஒன்றில் 786. ஒன்றில் பேனாவால் அழுத்தி அழுத்திப் போட்ட சிலுவை. மூன்றுமே விளிம்பை ஒட்டி, கண்காணிப்பாளர் கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக. வேறொரு தாளில் பதிமூன்றாம் கேள்விக்கு எண் மட்டும் போட்டு, எதிரே ஒரு பஸ். பஸ்ஸின் நெற்றியில் 'தென்காசி'. ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு தலை. அந்தக் கேள்விக்கு விடை தெரியாத நேரத்தில் அத்தனை பேரையும் பிள்ளை ஏற்றியிருக்கிறது. இன்னொன்றில் ஒரே ஒரு வரி, பக்கத்தின் அடியில்: 'மிஸ் இது நானே எழுதினது பாத்து எழுதல.' யார் சந்தேகப்பட்டார்களோ, எப்போது சந்தேகப்பட்டார்களோ. கேட்பதற்கு முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறது பிள்ளை.

பெஞ்சின் அந்தக் கோடியில் ஒருவர் பேப்பரை விரித்து வைத்திருந்தார். முந்தின நாள் காலை ஒன்பது மணிக்குத்தான் பத்தாம் வகுப்பு முடிவு வந்திருந்தது.

"தொண்ணூத்தி மூணு புள்ளி எட்டு பாஸாம் அண்ணாச்சி."

"மிச்சம்?"

"மிச்சம் ஜூலைல எழுதும்."

அந்த மிச்சத்தில் ஐம்பதாயிரம் பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். பேப்பர்க்காரர் பக்கத்தைப் புரட்டினார். இன்னொருவர் டீயை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"கர்நாடகாவுல ஒருத்தன் பேப்பருக்குள்ள ஐநூறு ரூவா நோட்ட வச்சிட்டானாம்லா. டீ குடிச்சிக்கோங்க, பாஸ் போட்டுருங்கன்னு எழுதி."

"ஐநூறு ரூவாய்க்கு எத்தன டீவே குடிப்பாரு?"

சிரிப்பு எழுந்து அடங்கியது. அதற்கு முந்தின மாதம் பெலகாவி மாவட்டம் சிக்கோடியில் பத்தாம் வகுப்புத் தாள் திருத்தும் இடத்தில் நடந்ததைத்தான் சொன்னார்கள். தேறினால்தான் காதல் நிற்கும், உங்கள் கையில்தான் இருக்கிறது என்றும் ஒரு தாளில் இருந்ததாகச் செய்தி வந்தது. 2018இல் உத்தரப் பிரதேச வாரியத்தின் வேதியியல் தாளிலும் ஒரு பையன் தன் காதலை எழுதி, அதனால்தான் படிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தான். இம்மாதிரிச் செய்திகளைப் பத்திரிகைகள் சிரிக்க ஒரு மூலையில் போடும். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. காசு வைத்தது தப்பு, சந்தேகமில்லை. ஆனாலும், முன்பின் பார்த்திராத ஒரு மனிதர் இந்த வரியை நிச்சயம் படிப்பார் என்று நம்பாமல் எந்தப் பிள்ளையும் அதை எழுதாது.

அந்த நம்பிக்கை பொய்யாவதும் உண்டு. உத்தரப் பிரதேசத்து ஜான்பூரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பார்மசி மாணவர்கள் சிலர் பக்கத்தில் சாமி பெயரையும் கிரிக்கெட் வீரர்கள் பெயரையும் எழுதி வைத்து, ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண் வாங்கியது 2024இல் வெளியே வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தாளைக் கேட்டு வாங்கியபோதுதான் தெரிந்தது. எல்லோரும் மாணவர்களைப் பற்றியே பேசினார்கள். அந்தத் தாளைப் படிக்காமல் மதிப்பெண் போட்ட கையை நினைத்துத்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

நம் பொதுத்தேர்வில் முகப்புத் தாளில் பிள்ளையின் புகைப்படம் இருக்கும், பார்கோடு இருக்கும். திருத்தப் போகும் முன் அதைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். திருத்தும் முகாமில் உதவித் தேர்வாளர் கைக்கு வருவது முகமில்லாத தாள். பெயரோ அடையாளமோ வேண்டுகோளோ எழுதக் கூடாது என்பது விதி. விதி சரிதான். ஒரு பிள்ளையின் கஷ்டம் தெரிந்துவிட்டால் பேனா சாயும், சொல்லாத பிள்ளைக்கு அது அநியாயம். இது எனக்குப் புரிகிறது. புரிந்துகொண்டுதான் அடுத்த டீ சொன்னேன்.

இரண்டாவது டீக்கு ஒரு பஜ்ஜி. அது வந்த தாளில் கணக்கு, வரலாறு எதுவும் இல்லை. முழுப் பக்கம் காலி. நடுவில் நாலு வரி.

'சார் 35 மட்டும் போடுங்க. அதுக்கு மேல வேண்டாம். அடுத்த முரை நல்லா படிப்பேன். இப்படிக்கு தங்கள் கீழ்ப்படிந்த மாணவன்.'

விடுப்புக் கடிதத்தில் கற்றுக்கொண்ட முடிவு வாசகம் அது. வேறெப்படிப் பெரியவர்களுக்கு எழுதுவது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கீழே கோடு இருந்தது, பெயர் இல்லை. தாளின் முதல் பக்கம் என் கைக்கு வரவில்லை. பள்ளியும் தெரியாது, வகுப்பும் தெரியாது.

நூற்றுக்கு நூறு கேட்கவில்லை பாருங்கள். எண்பது கேட்கவில்லை. முப்பத்தைந்துக்கு மேல் வேண்டாம் என்று தானாகவே வரம்பு கட்டுகிறான். கல்யாண வீட்டுப் பந்தியில் 'போதும் போதும்' என்று இலையின் மேல் கையை வைத்து மறைக்கிற கூச்சம் அதில் இருந்தது.

சிவப்பு மை அந்தக் கடிதத்தையும் தொட்டிருந்தது. 'முரை' என்ற சொல்லில் 'ரை'யைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்கு மேலே, அழகான, ஆற அமர எழுதிய கையெழுத்தில்: றை.

வேறொன்றும் இல்லை. மதிப்பெண்ணும் இல்லை, திட்டும் இல்லை. ஓர் எழுத்துதான்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை காலில் விழுகிறான், நீங்கள் ரகரம் றகரம் பார்க்கிறீர்களா என்று. தாளை மடக்கி வைத்துவிட்டு, மறுபடி எடுத்தேன். கட்டுக் கட்டாகத் தாளைத் திருத்துகிறவர் இந்த மாதிரிப் பக்கத்தை ஒரு கோடு போட்டுவிட்டுப் புரட்டிப் போயிருக்கலாம். போகவில்லை. நாலு வரியையும் படித்திருக்கிறார், மூன்றாவது வாக்கியத்தில் நின்றிருக்கிறார். அடுத்த முறை என்கிறானே, அந்த முறையாவது சரியாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. கேட்டதைக் கொடுக்க அவருக்கு வழியில்லை. கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார். எழுத்தைத் திருத்துவதுதானே அவர் கையில் இருந்தது.

முகம் தெரியாதவருக்கு எழுதுவது புதிதல்ல. இந்தச் சீமையில் ஓலை ஏடு எழுதியவர்களும் இப்படித்தான். தலைப்பில் குருவே துணை என்று தொடங்கி, கொல்லம் ஆண்டு, மாதம், தேதி போட்டு முடிக்கும்போது, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று படிப்பவரைக் கேட்டுக்கொள்வார்கள். படிக்கப் போவது யார் என்று அவர்களுக்கும் தெரியாது. அப்படி எழுதியது சில சமயம் தப்பிப் பிழைப்பதும் உண்டு. ரஷ்யாவில் நோவ்கொரொத் என்ற ஊரில் 1956இல் மண்ணைத் தோண்டியபோது பூர்ச்ச மரப் பட்டைகள் கிடைத்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆறேழு வயதுப் பையன் ஒருவன் எழுத்துப் பழகிய பட்டைகள். ஒன்றில் எழுத்து வரிசையைத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, குதிரைமேல் ஒரு வீரனைப் போட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுதிவிட்டான்: ஒன்ஃபிம். ஈர மண் அதை ஏறக்குறைய எழுநூறு வருஷம் காப்பாற்றிக் கொடுத்தது. இங்கே எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்குகிற தாள்கள் சாயங்காலம் வரை இருக்கும்.

வெயில் சற்றுத் தணிந்ததும் எலுமிச்சை தரம் பிரிக்கிற பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். பெஞ்சில் உட்காரவில்லை. கடையோரத்து வேப்பமர நிழலில் நின்றுகொண்டே வாங்கினார்கள். அதில் வயதானவருக்கு விரல் நுனியெல்லாம் வெடிப்பு. எலுமிச்சைச் சாறு அதில் படும்போது எப்படி எரியும் என்று எனக்குத் தோன்றியது. வடையைத் தின்றுகொண்டே தாளைத் தூரத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். சத்தமாகத்தான் படித்தார்.

"சார்... இந்த... கணக்கு... வீட்ல... போட்டேன்... வந்துது. இங்க... வரல."

பக்கத்தில் நின்ற பெண் எட்டிப் பார்த்தாள். "என்னத்தே அது?"

"எந்தப் பிள்ளையோ வாத்தியாருக்கு எழுதியிருக்கு."

மறுபடி ஒருதரம் வாய்க்குள் படித்துக்கொண்டார். பிறகு தாளைப் பார்த்தே, எதிரே நிற்கிற ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"வந்திருக்கும்யா. வீட்ல வந்திருக்கும். பின்ன, பொய்யா எழுதுவ?"

எண்ணெய் விரலைத் தாளில் துடைக்கவில்லை. முந்தானையில் துடைத்தார். தாளை நாலாக மடித்து, இடுப்பில் சில்லறை முடிச்சுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு, மூட்டைகள் இருந்த பக்கம் நடந்தார்.