கேக் வாங்கிய கணக்கு

மெக்ஸிகோவில் ஒரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தவன் என்று யாரிடமாவது சொன்னால், அடுத்த கேள்வி ரெடியாக வரும். "அப்ப அந்த மாயன் பிரமிடு பார்த்திருப்பீங்களே?"

பார்க்கவில்லை. சிச்சென் இட்ஸாவுக்குப் போக மூன்று பேர் சேர்ந்து திட்டம் போட்டோம். பணம் சேர்த்தோம். போகவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரம்.

2007-ம் வருஷம். ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவு வேலைக்காக எங்களை மெக்ஸிகோ சிட்டிக்கு அனுப்பியிருந்தார்கள். நான், ஒரு பாலக்காட்டுக்காரன், ஒரு குண்டூர்க்காரன். பாலக்காடு பேசுவது தமிழா, மலையாளமா என்று அவனுக்கே தெரியாது. குண்டூர் சென்னையில் படித்தவன் என்பதால் தமிழில் தகராறில்லை. மூவருக்கும் ஒரே ஃப்ளாட். வாடகையும் வீட்டுக்கு அனுப்புவதும் போக மிஞ்சுவதில்தான் ஊர் சுற்ற வேண்டும். அப்போது ஒரு பெசோ ஏறக்குறைய நாலு ரூபாய். எதை வாங்கப் போனாலும் மனசு நாலால் பெருக்கும். பெருக்கினால் பசி போய்விடும்.

நான் பி.காம். அதனால் நோட்டு என் வசம். இடது பக்கம் தேதி, நடுவில் செலவு, வலது பக்கம் தலைக்கு எவ்வளவு. டெபிட் த ரிசீவர், கிரெடிட் த கிவர். தண்ணீர் பாட்டில் வாங்கினாலும் மூன்றால் வகுத்து எழுதிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கையில் காசில்லாதவன் சுற்றிப் பார்க்க அதைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியாது. முதல் காரணம் மெட்ரோ. அன்றைக்கு டிக்கெட் 2 பெசோ. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும், எத்தனை ரயில் மாறினாலும், வெளியே வராதவரை அதே இரண்டுதான். (2013 டிசம்பரிலிருந்து 5 பெசோ.) எங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாதே, எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்பீர்கள். அந்த மெட்ரோவை 1969-ல் திறந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஏறி இறங்க வேண்டுமென்று ஸ்டேஷனுக்கு ஒரு படம் வைத்தார்கள். லான்ஸ் வைமன் என்ற அமெரிக்க டிசைனர் தொடங்கிவைத்த வேலை. நம் ஊர்த் தேர்தல் சின்னம் மாதிரி. சாபுல்தெபெக் ஸ்டேஷனுக்கு வெட்டுக்கிளி, விமான நிலையத்துக்கு விமானம். "எடா, வெட்டுக்கிளியில் இறங்கணும்" என்பான் பாலக்காடு. நாங்கள் மூன்று பட்டதாரிகள் கைநாட்டுக்காரர்களுக்காகப் போட்ட படத்தைப் பார்த்துத்தான் அந்த ஊரைக் கற்றுக்கொண்டோம்.

பினோ சுவாரெஸ் என்று ஒரு ஸ்டேஷன். மெட்ரோவுக்குத் தோண்டும்போது அங்கே ஆஸ்டெக் காலத்துக் கோயில் மேடை ஒன்று அகப்பட்டது. எடுத்துக்கொண்டு போய் எங்கேயும் வைக்காமல், அதைச் சுற்றியே ஸ்டேஷனைக் கட்டிவிட்டார்கள். ரயில் மாறுகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம். நோட்டில் செலவு: 0.

இரண்டாவது காரணம் ஞாயிற்றுக்கிழமை. அரசாங்க மியூசியங்களிலும் பழைய இடிபாடுகளிலும் அன்று உள்நாட்டுக்காரர்களுக்கு இலவசம். குடியிருப்பு அட்டை வைத்திருக்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கும் இலவசம். எங்களிடம் அட்டை இருந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி ஞாயிறு தவறாமல் மானுடவியல் மியூசியத்துக்குப் போனோம். 1964-ல் கட்டியது. உள்ளே இருபத்துநாலு டன் எடையில் ஆஸ்டெக்குகளின் சூரியக் கல். வெளியே சாலையோரம் 168 டன்னில் ஒரு கற்சிலை. மழைக் கடவுள் த்லாலோக் என்கிறார்கள். அந்தச் சிலை கிடந்த கிராமத்து மக்கள், 'எங்கள் சாமியைத் தூக்கிப் போகாதே' என்று மறித்தார்கள். கேட்காமல் லாரியில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவந்த அன்று, மழைக்காலமே இல்லாத ஏப்ரல் மாதத்தில், மழை கொட்டித் தீர்த்துவிட்டது. குண்டூர் அதைக் கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டான்.

கல்வி அமைச்சகக் கட்டடத்தில் தியேகோ ரிவேரா சுவர் சுவராக வரைந்து தள்ளியிருக்கிறார். அதில் 'எங்கள் ரொட்டி' என்று ஒரு ஓவியம். அதில் இருக்கும் ஒரு முகம் நம் பாண்டுரங்க கான்கோஜேயுடையது என்கிறார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்துக் கெதர் இயக்கத்தில் இருந்துவிட்டு, ஊர் திரும்ப முடியாமல், மெக்ஸிகோவில் விவசாயப் பேராசிரியராகி, மக்காச்சோளத்தில் ஆராய்ச்சி செய்தவர். அவரைப் பற்றி நான் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. எட்டாயிரம் மைலுக்கு மேல் போய் ஒரு சுவரில் தெரிந்துகொண்டேன்.

சாப்பாடு? 'கொமீதா கொர்ரீதா' என்று தேடுங்கள். நம் ஊர் அளவுச் சாப்பாடுதான். ஒரு சூப், கொஞ்சம் சோறு, ஒரு கறி, சோள ரொட்டி, பழத் தண்ணீர். அன்றைக்கு எல்லாம் சேர்த்து 35 பெசோவில் மத்தியானம் முடிந்துவிட்டது. நம் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியை முள் எடுத்து, நறுக்கி, பொரியல் செய்து போடுவார்கள். வெண்டைக்காய் மாதிரி வழவழவென்று இருக்கும். பழகிவிட்டால் விடமாட்டீர்கள்.

லா மெர்சேத் சந்தைக்குப் போனபோதுதான் குண்டூரின் வாழ்க்கையில் இடி விழுந்தது. ஆள் உயரத்துக்கு மிளகாய் வற்றல் குவியல். கறுப்பு, சிவப்பு, சுருங்கியது, புகை போட்டது. மிளகாய் பிறந்த நாடே இதுதான். போர்த்துக்கீசியர்கள் கப்பலில் கொண்டுவரும்வரை குண்டூரில் மிளகோடு சரி என்று நான் சொன்னேன். "சும்மா சொல்லாதே" என்றான். தக்காளியும் இங்கேதான், சப்போட்டா என்ற பெயரே இவர்கள் பாஷைதான் என்றேன். மௌனமாக ஒரு ஆபனேரோ மிளகாயை எடுத்துக் கடித்தான். கண்ணில் நீர் வழிய, "சரி, ஒத்துக்கறேன்" என்றான்.

அந்த ஜூலை 7-ம் தேதி, புதிய ஏழு உலக அதிசயங்கள் என்று லிஸ்பனில் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். தாஜ்மகாலும் சிச்சென் இட்ஸாவும் அதில் இருந்தன. ஒன்று எங்கள் நாட்டில், ஒன்று இருக்கிற நாட்டில். சும்மா இருக்க முடியுமா? பக்கத்துக்கு 91 படி வீதம் நான்கு பக்கம், உச்சியில் ஒன்று, ஆக மொத்தம் 365 என்று வருஷத்தையே கட்டடமாக்கி வைத்திருக்கிறான். 2006-லிருந்து ஏற விடுவதில்லை என்றாலும் கீழே நின்றாவது பார்க்க வேண்டும். டிசம்பர் லீவில் போவது என்று முடிவாயிற்று. ஆனால் யூகத்தான் நாட்டின் மறுகோடி. பணம்?

அப்போதுதான் ஆபீஸில் 'தாந்தா' என்ற சொல் காதில் விழுந்தது. பத்துப் பேர். ஆளுக்கு 500 பெசோ. அங்கே சம்பளம் மாதம் இரண்டு தடவை, 15-ம் தேதியும் கடைசித் தேதியும். ஒவ்வொரு சம்பளத்துக்கும் எல்லோரும் போட, சேர்கிற 5000-ஐ ஒருவர் எடுத்துக்கொள்வார். யாருக்கு எப்போது என்று துண்டுச்சீட்டுக் குலுக்கல். எழுத்தில்லை, வட்டியில்லை, தள்ளுக்கழிவில்லை. அடடா, நம் தெருச் சீட்டு! நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு பங்கு எடுத்தோம். தலைக்கு 166 பெசோ 66 சென்டாவோ. மிச்சமிருக்கும் இரண்டு சென்டாவோவை யார் போடுவது என்று நோட்டில் முறை வைத்தேன். சிரிக்காதீர்கள். எங்களுக்கு எட்டாம் நம்பர் விழுந்தது. நவம்பர் கடைசி. டிசம்பர் பயணத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

நாலாம் நம்பர், ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் அம்மாவுக்கு. நாங்கள் 'தோன்யா' என்போம். நம் 'அம்மா' மாதிரி மரியாதைச் சொல். அவர் எங்களை 'ஹோவென்' என்பார், அதாவது தம்பி. அவருடைய மகளுக்கு அக்டோபரில் பதினைந்து வயது. அங்கே பெண்பிள்ளைக்குப் பதினைந்து என்றால் நம் மஞ்சள் நீராட்டு விழா மாதிரி. கவுன், மாதாகோயில், பாட்டு, டான்ஸ், ஊர்ச் சாப்பாடு. கடன் வாங்கியாவது செய்வார்கள். அந்த அம்மா கடன் வாங்காமல் செய்ய நாலாம் நம்பரை நம்பியிருந்தார்.

செப்டம்பர் நடுவில் ஒரு ஞாயிறு, தியோத்திவாகன் போனோம். வடக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு மணி நேரம். ஆஸ்டெக்குகள் வந்து பார்த்தபோதே பாழடைந்து கிடந்த நகரம். யார் கட்டியது என்று தெரியாமல் 'தெய்வங்கள் உண்டான இடம்' என்று பெயர் வைத்தார்கள். சூரியன் பிரமிடு அறுபத்தைந்து மீட்டர் உயரம். அன்றைக்கு உச்சிவரை ஏற விட்டார்கள். 2020 கொரோனாவுக்குப் பிறகு அதில் ஏறுவது நின்றுபோனது. நானும் பாலக்காடும் மூச்சிரைக்க ஏறினோம். குண்டூர் வரவில்லை. கீழே போன் பூத்தில் நின்றான். அதற்கு முன்னால் என்னிடம், "ஒரு அம்பது பெசோ கொடு, போன் கார்டு வாங்கணும்" என்றான். கொடுத்தேன். நோட்டில் எழுதினேன். சொந்தச் செலவு, ஆகவே மூன்றால் வகுக்கவில்லை.

அந்த ஐம்பதை இரண்டு தடவை கேட்டேன். இரண்டாவது தடவை ஆபீஸில், நாலு பேருக்கு நடுவில். பையிலிருந்த சில்லறையை எல்லாம் எடுத்து மேஜையில் எண்ணி வைத்துவிட்டுப் போனான். நான் நோட்டில் டிக் அடித்தேன்.

செப்டம்பர் 27, வியாழன் ராத்திரி, அவன் தம்பி போன் செய்தான். அப்பா ஐ.சி.யு.வில். உடனே வா. அப்போதுதான் சொன்னான், ஒரு மாதமாகவே அப்பாவுக்கு முடியவில்லை என்று. பிரமிடு அடியில் நின்று பேசியது அவரோடுதான்.

மறுநாள் காலையில் டிராவல்ஸில் விசாரித்தோம். ஐரோப்பா வழியாக, அவசர டிக்கெட், 15,200 பெசோ. எங்களிடம் கிரெடிட் கார்டெல்லாம் கிடையாது. கம்பெனியில் அட்வான்ஸ் கேட்டால், மேலிடத்து அனுமதி வர மூன்று வேலை நாள் ஆகும் என்றார்கள். வெள்ளிக்கிழமை கேட்கிறோம், மூன்று வேலை நாள். மூவரும் சம்பளத்தையும் கையிருப்பையும் வழித்து வைத்தோம். என்னுடையது 4000, பாலக்காடு 3000, அவனிடம் 3500. பத்தாயிரத்து ஐந்நூறு. பி.காம். தேவையில்லை, போதாது.

அன்று சம்பள நாள் வேறு. ஐந்நூறு ஐந்நூறாகத் தாந்தா சேர்ந்துகொண்டிருந்தது. நாலாம் நம்பர். கேட்கலாமா என்று நாங்கள் பேசக்கூட இல்லை. எப்படிக் கேட்பது? மகளுக்குத் தைக்கக் கொடுத்த கவுனின் துணியைப் போன வாரம்தான் எல்லோருக்கும் காட்டியிருந்தார்.

யார் சொன்னார்களோ தெரியாது. பதினோரு மணிக்கு வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். கவர் கையில். குண்டூரின் மேஜையில், அவன் சில்லறை எண்ணிய அதே மேஜையில் வைத்தார். எங்களுக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷுக்காக மெதுவாகச் சொன்னார். "பிறந்தநாள் விழாவை எந்தச் சனிக்கிழமையும் வைக்கலாம், தம்பி. நீ போய் உன் அப்பாவைப் பார். எட்டாம் நம்பரை நான் எடுத்துக்கறேன்."

அவன் திரும்பி வராமல் போயிருந்தால்? நாங்கள் பணம் போடாமல் ஏமாற்றியிருந்தால்? எழுத்து ஒன்றும் கிடையாது. நாங்கள் அந்நிய நாட்டுக்காரர்கள். அந்த அம்மாவிடம் நோட்டும் கிடையாது.

டிக்கெட் போக 300 மீதி. அதை அவன் பையில் திணித்தோம். டாக்ஸிக்கு யாரும் காசு எடுக்கவில்லை. ஒரே ஒரு பை. விமானப் படம் போட்ட ஸ்டேஷனில் இறங்கினோம். தலைக்கு 2 பெசோ. அதை நான் நோட்டில் எழுதவில்லை.

அவன் போய்ச் சேர்ந்தான். அப்பாவுக்கு நினைவிருந்தது. அடையாளம் தெரிந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். இன்னும் ஒன்பது நாள் இருந்தார்.

நவம்பரில் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தான். ஃப்ளாட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் சொன்னது, "அந்த அம்பது பெசோவுக்கு ஸாரிடா." "எந்த அம்பது?" என்றான். நிஜமாகவே மறந்திருந்தானா, எனக்காக மறந்தானா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை, அந்த அம்மா வீட்டு விழா. அங்கே ஒரு வழக்கம். விழாவின் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு 'பாத்ரீனோ', ஞானத்தகப்பன் மாதிரி. செருப்புக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர், மோதிரத்துக்கு ஒருவர். எங்களை அந்த அம்மா கேக்குக்குப் பாத்ரீனோ ஆக்கினார். அதற்கு நாங்கள் பணம் தர வேண்டும் என்பதைவிட, எங்களைக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார் என்பதுதான் அர்த்தம் என்று பாலக்காடு விளக்கினான். மூன்றடுக்கு கேக், 900 பெசோ. சிச்சென் இட்ஸாவுக்கென்று மிச்சமிருந்தது அவ்வளவுதான். இளஞ்சிவப்பு கவுனில் அந்தப் பெண் கேக் வெட்டி, முதல் துண்டை அம்மாவுக்கு, இரண்டாவதை மொட்டைத் தலைக்காரனுக்குக் கொடுத்தது.

ஜனவரியில் வேலை முடிந்து ஊர் வந்துவிட்டோம். பிரமிடு பார்க்கவில்லை. நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 'கேக் – 900' என்று எழுதியிருக்கிறேன். வலது பக்கம், தலைக்கு எவ்வளவு என்ற இடம், காலியாக இருக்கிறது.

நீங்கள் மெக்ஸிகோ போனால் சிச்சென் இட்ஸாவைப் பார்த்துவிட்டு வாருங்கள். 365 படி சரியாக இருக்கிறதா என்று வந்து சொல்லுங்கள்.