தம்பி தந்த கறுப்புப் பெட்டி

"அம்மா, இதை இனி எறியட்டோ?"

போன மாதம் அலுமாரியைத் தூசி தட்டும்போது மகன் கேட்டான். அவன் கையில் இருந்தது பழைய சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரு கறுப்புப் பெட்டி. "எடுத்த இடத்தில வை" என்றேன். அவன் சிரித்துக்கொண்டு வைத்துவிட்டான். ஐம்பத்தெட்டு வயது மனுசிக்கு வீடியோ விளையாட்டுப் பெட்டி எதற்கு என்று நீங்களும் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2005ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். ஏ-9 வீதி திறந்திருந்த காலம். லண்டனில் இருந்த என் தம்பி பதினாறு வருடங்களுக்குப் பிறகு ஊருக்கு வந்தான். மருமகனுக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்தான். பிளேஸ்டேசன் 2 என்றார்கள். மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவன் துள்ளிக் குதித்தான். எனக்கோ எரிச்சல். ஒரு மழைக்குக் குசினிக்குள் மூன்று இடத்தில் சட்டி வைக்க வேண்டிய வீடு.

"இந்தக் காசைத் தந்திருந்தா ஓடு மாத்தியிருப்பன்" என்று தம்பியிடம் சொல்லியே விட்டேன். அவன் முகம் சுருங்கிப் போனது.

"அக்கா, இதிலை பெடியன் விளையாடுறது மட்டுமில்லை. நீங்கள் படமும் பாக்கலாம்."

அவன் சொன்னது உண்மைதான். இந்தப் பெட்டி 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் யப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தது. விளையாட்டுத் தட்டுகளோடு டிவிடி படத் தட்டுகளையும் போடும்படி செய்திருந்தார்கள். அந்த நாளில் தனியாக ஒரு டிவிடி பிளேயர் வாங்குவதே பெரிய செலவு. அதனால் வெளிநாடுகளில் கனபேர் படம் பார்க்கவென்றே இதை வாங்கினார்களாம். உலகம் முழுவதும் 15 கோடிக்கும் மேல் விற்ற பெட்டி இது. 2013இல் செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

தம்பி கொண்டுவந்த வயரின் முனையில் லண்டன் பிளக் இருந்தது. சதுரக் கால் மூன்று. எங்கள் சுவரில் இருந்ததோ வட்ட ஓட்டை. மகன் யோசித்துவிட்டு உடைந்த ரேடியோவின் வயரைக் கொண்டுவந்து பெட்டியின் பின்னால் செருகினான். அச்சாகப் பொருந்தியது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை ரீவியில் கொழுவினான். படம் வந்தது.

தம்பி போகும்போது ஒன்பது படத் தட்டுகளை விட்டுப் போனான். நான் எங்கள் சந்திக் கடையில் ஒரு வீசிடி வாடகைக்கு எடுத்து வந்தேன். அதைப் போட்டதும் திரை முழுக்கச் சிவப்பாகி ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து வந்தது. பெட்டி பழுதாகிவிட்டது என்று பயந்து போனேன். மகள் வாசித்துச் சொன்னாள், இந்தத் தட்டு தனக்கு ஒத்துவராது என்று பெட்டி சொல்லுகிறதாம். வீசிடியும் டிவிடியும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் இந்தப் பெட்டி வீசிடியை எடுக்காது. ஊர்க் கடையில் அப்போது இருந்ததெல்லாம் பெரும்பாலும் வீசிடி. ஆகவே எங்களுக்கு மிஞ்சியது அந்த ஒன்பது படங்கள்தான்.

ஒரு வருடம் அந்தப் பெட்டி மகனின் விளையாட்டுப் பெட்டியாகவே இருந்தது. நான் அதைத் தொடவும் இல்லை.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கியது. ஏ-9 மூடப்பட்டது. குடாநாடு முழுக்க ஊரடங்கு. முதலில் இரவு பகலாக இருந்தது, பிறகு பகலில் தளர்த்தினார்கள். பின்னேரமானால் படலையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். சாமான்கள் கப்பலில் வந்தால்தான் உண்டு. சங்கக்கடை வரிசையில் சீனிக்கும் பால்மாவுக்கும் காத்துக் கிடந்ததை இதை வாசிக்கும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரமும் சில மணித்தியாலந்தான்.

என் பயம் சாமானைப் பற்றியது அல்ல. மகனுக்குப் பதின்மூன்று வயது முடிந்துவிட்டது. உயரமாக வளர்ந்திருந்தான். பதினாறு பதினேழு என்றுதான் பார்ப்பவர்கள் சொல்லுவார்கள். அவனுடைய அப்பா 1996 ஓகஸ்டில் சைக்கிளில் வேலைக்குப் போனவர், இன்றுவரை திரும்பவில்லை. அப்போது மகனுக்கு மூன்று வயது, மகள் வயிற்றில். ஒருவரைக் கொடுத்தவளுக்குத்தான் அடுத்தவரைக் காப்பது என்றால் என்னவென்று தெரியும். வெள்ளை வான் என்ற சொல்லைக் கேட்டாலே அடிவயிறு கலங்கும் காலம் அது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவனைச் சந்திக்குப் போகாமல், பந்து விளையாட வயலுக்குப் போகாமல் வைத்திருக்க வேண்டும். அதட்டினால் எத்தனை நாளைக்குக் கேட்பான்? அப்போதுதான் தம்பியின் பெட்டி எனக்குக் கைகொடுத்தது. கரண்ட் வரும் நேரம் எப்போதென்று பார்த்து அவன் வீட்டுக்கு ஓடிவருவான். பிறகு அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் வந்தார்கள். மூன்று பிள்ளைகள் என் கண்ணுக்கு முன்னால் இருந்தார்கள். அந்தத் தாய்மாருக்கும் நிம்மதி.

பிள்ளைகளைத் தேடி வந்த தாய்மார்தான் முதலில் படம் கேட்டார்கள். ஊரடங்கு என்றால் றோட்டால்தானே போகக்கூடாது? எங்கள் வேலிகளில் பொட்டு இருந்தது. வடக்கு வேலி அக்கா, பின்வளவு ரீச்சர், அவவின் மருமகள் எல்லோரும் வேலிப் பொட்டால் குனிந்து வருவார்கள். ஐந்து ஆறு பெண்கள். அதில் மூன்று பேர் என்னைப் போலப் புருசனைத் தொலைத்தவர்கள் அல்லது இழந்தவர்கள்.

ரிமோட் இல்லை, அது தனியாக விற்பதாம். விளையாடும் கைப்பிடியால்தான் எல்லாம். செலெக்ட் என்ற பொத்தானை அமத்தினால் திரையில் சின்னச் சின்னப் படங்கள் வரும், அதில் ஒன்றைத் தெரிந்து நிறுத்தவும் ஓட்டவும் செய்யலாம். மகள் எனக்குப் பழக்கினாள். தையல் மெசினைத் தவிர வேறொரு மெசினையும் தொடாத கை, அந்தக் கைப்பிடியைப் பிடித்தது.

முதலில் போட்டது 'காதலிக்க நேரமில்லை'. 1964இல் ஸ்ரீதர் எடுத்த படம். நாகேஷ் தான் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையைப் பாலையாவுக்குச் சொல்லும் இடம் வந்தது. ரீவியின் சத்தத்தை நன்றாகக் குறைத்திருந்தோம், றோட்டில் பற்றோல் போகிற நேரம். வாய் விட்டுச் சிரிக்க முடியாது. எல்லோரும் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். ரீச்சரின் மருமகளுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. பத்து வருடத்தில் நான் அப்படிச் சிரித்ததில்லை.

சிரித்து முடிந்து திரும்பினால் மாமி வாசலில் நிற்கிறா.

"என்ரை பிள்ளை எங்கையெண்டு தெரியாது. நீங்கள் இஞ்சை சிரிச்சுக்கொண்டு இருக்கிறியள்."

ஒருவரும் பேசவில்லை. ஒவ்வொருவராக எழும்பிப் பொட்டால் போய்விட்டார்கள். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. மாமி சொன்னது பிழையா? அவரைத் தேடி நான் ஏறாத படி இல்லை, கொடுக்காத மனு இல்லை. ஆனாலும் நான் சிரித்தால் அவரை மறந்துவிட்டேன் என்று ஆகுமா? பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் இன்னொரு பேச்சு. இப்போது சிரிப்புக்கும் பேச்சா?

இரண்டு கிழமை நான் பெட்டியைத் தொடவில்லை. பிறகு ரீச்சர்தான் வந்து மாமியோடு நெடுநேரம் பேசினா. என்ன பேசினா என்று தெரியாது. அடுத்த முறை நாங்கள் படம் போட்டபோது மாமி விறாந்தையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து வெத்திலை இடித்தா. திரும்பிப் பார்க்கவில்லை. பாதிப் படத்தில் கரண்ட் போய்விட்டது. இருட்டுக்குள் மாமியின் குரல் கேட்டது:

"பிறகு என்னடி நடந்தது?"

எனக்குத் தெரிந்த மிச்சக் கதையை அன்று இருட்டுக்குள் சொல்லி முடித்தேன்.

அந்த ஒன்பதில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படமும் இருந்தது. மணிரத்னம் 2002இல் எடுத்தது. எங்கள் நாட்டில் இருக்கும் பெற்ற தாயைத் தேடி வரும் ஒரு சிறுமியின் கதை. குண்டுச் சத்தம் தொடங்கியதும் இரண்டு பேர் எழும்பிவிட்டார்கள். "வெளியில கேக்கிறது காணாதே" என்றார்கள். நிறுத்தித் தட்டை அடியில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து வடக்கு வேலி அக்கா தனியாக வந்தா. அவவின் மகள் வன்னியில். பாதை பூட்டிய பிறகு ஒரு சேதியும் இல்லை.

"அந்தப் படத்தின்ரை கடைசியை ஒருக்காப் போட்டு விடு, தங்கச்சி."

"ஏனக்கா, அழுகை வருமே?"

"வரட்டும். அந்தத் தாய் கடைசியிலை பிள்ளையைக் காணுறாள்தானே? அதைப் பாக்கவேணும்."

போட்டேன். அவ அழவில்லை. பார்த்து முடித்துவிட்டு "தேத்தண்ணி வை" என்றா. 2009க்குப் பிறகும் அவவின் மகள் வரவில்லை. இன்று அவவும் நானும் ஒரே வரிசையில் படங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அவ மகளின் படத்தை, நான் இவரின் படத்தை.

2008இல் பெட்டி தட்டை வாசிக்க மறுத்தது. போட்டால் கரகரவென்று சத்தம் வரும், பிறகு ஒன்றும் வராது. திருத்த ஆளும் இல்லை, சாமானும் இல்லை. மகன் ஒரு நாள் முழுக்க இருந்து பெட்டியைக் கழற்றினான். தட்டுக்குக் கீழே குண்டுமணி அளவில் ஒரு கண்ணாடி இருந்தது. அதன் வழியாக வரும் ஒளிதான் தட்டை வாசிக்கிறதாம். எங்கள் செம்மண் புழுதி அதில் படிந்திருந்தது. பஞ்சால் மெதுவாகத் துடைத்துப் பூட்டினான். படம் வந்தது. அன்று முழுக்க அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவைப் போலவே கீழுதட்டைக் கடித்துக்கொண்டு வேலை செய்தான். இன்று அவனுக்குச் சோறு போடுவது அந்தக் கைவேலைதான். போன் திருத்துகிறான்.

மாமி 2012இல் காலமானா. இப்போது அந்தக் கண்ணாடியும் தேய்ந்துவிட்டது, துடைத்தாலும் வாசிக்காது. படம் பார்க்க எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஆளுக்கு ஒரு மூலையில் இருந்து தனியத் தனியப் பார்க்கிறோம்.

அண்மையில் எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு பிள்ளை புதிதாக வந்தாள். இளம் வயதில் புருசனை இழந்தவள். கூட்டம் முடிய யாரோ ஒரு பகிடி சொன்னார்கள். எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னாள், "நான் சிரிச்சாச் சனம் என்ன சொல்லும், அன்ரி?"

சகோதரிகளே, சனம் சொல்லும்தான். என் மாமியே சொன்னா. ஆனால் அந்த ஊரடங்கு இரவுகளில் நாங்கள் ஒருவரையும் மறந்து சிரிக்கவில்லை. விடிந்ததும் மனுவைத் தூக்கிக்கொண்டு போகத் தெம்பு வேண்டியிருந்தது, பிள்ளைக்குச் சோறு காய்ச்சத் தெம்பு வேண்டியிருந்தது. அதை எங்களுக்குத் தந்ததில் அந்த ஒன்பது படங்களுக்கும் பங்கு உண்டு. மாதத்தில் ஒரு பின்னேரமாவது பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிடுங்கள். ஒரு தேத்தண்ணி, ஒரு பழைய படம் போதும். சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

அந்தப் பிள்ளையை வரும் ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வடக்கு வேலி அக்காவும் வருவா. இப்போது வேலி இல்லை, மதில் கட்டியாகிவிட்டது. அதனால் படலையால்தான் வரவேண்டும்.