ஒயர்லெஸ்ஸுக்கு ஒரு ஒயர்

நான் பி.காம். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கரண்ட் பில் கட்டக் கடைசித் தேதிதான். அப்படிப்பட்ட என்னை நம்பி என் அத்தை பையன் ஒரு சனிக்கிழமை தன் ரூமை ஒப்படைத்துவிட்டுப் போனான் பாருங்கள், வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முகப்பேர் ஏரி ஸ்கீமில் மொட்டை மாடி ரூம். மச்சான் அங்கே ஒயர்லெஸ் போர்டு செய்கிறான். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, மோட்டார் ஓடுகிறதா என்பதைக் கம்பியில்லாமல் சொல்லும் பச்சைப் பலகை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒருவர் இருபது கேட்டிருந்தார். அட்வான்ஸ் வாங்கியாச்சு, செலவழிச்சும் ஆச்சு. (கணக்கு எழுதுகிறவன் நான்தான்.)

காலையில் பத்துக்குப் பத்து தகவலும் போய்ச் சேரும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பத்துக்கு ஆறுதான். "போர்டுல தப்பா, காத்துல தப்பான்னே தெரியல மச்சான்" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

சந்தேகம் நியாயம்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் 2005லிருந்து லைசென்ஸ் வேண்டாம். அதனால் எதிர்வீட்டு வைஃபை, பக்கத்து வீட்டு ப்ளூடூத், மாடி வீட்டு மைக்ரோவேவ் எல்லாம் அங்கேதான் குடித்தனம்.

ஆகவே ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, இரண்டு போர்டுக்கும் நடுவே கேபிள் போட்டான்.

"அப்புறம் எப்படிடா ஒயர்லெஸ்?"

"காத்தை நடுவுலேர்ந்து தூக்கிட்டேன். இப்பவும் தகவல் தொலைஞ்சா, போர்டுதான் திருடன்."

புரிந்தது. பாஸ்புக்கையும் நம் கணக்கையும் ஒப்பிட்டு டிக் அடிக்கிற மாதிரி.

கனெக்டர் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்பியவன், விரல் நுனி சைஸில் இரண்டு உலோகச் சிமிழ்களைக் காட்டினான். அட்டென்யுவேட்டர். ஒவ்வொன்றும் 30 டெசிபல். அதாவது சிக்னலை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். "இது இல்லாம ஆன் பண்ணிடாதே."

நஷ்டம் உண்டாக்குவதற்கென்றே ஒரு சாமானா? வர்த்தகம் படித்தவன் மனசு கேட்குமா? கழற்றிவிட்டு நேராக இணைத்தேன். சத்தமில்லை, புகையில்லை. தகவலும் இல்லை. போர்டு மக்கர் என்று அடுத்த ஜோடியை மாட்டினேன்.

நாலு போர்டு செவிடு.

அந்த போர்டு அனுப்புவது 100 மில்லிவாட். வெறும் காற்றில் ஒரு மீட்டர் தாண்டுவதற்குள் அது பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஒயரிலோ அநேகமாக முழுசும் போய்ச் சேரும். ரிசீவர் தாங்குவது பத்தே மில்லிவாட். காதுக்குள் கல்யாண வீட்டு ஸ்பீக்கரை வைத்த கதை!

திரும்பி வந்தவனிடம், "தானா போயிடுச்சுடா" என்றேன். நம்பிவிட்டான். அதுதான் கொடுமை. ராத்திரி ஒரு மணி வரை தன் டிசைனில் குற்றம் தேடினான். போர்டா, காற்றா என்று கண்டுபிடிக்க வந்த இடத்தில் மூன்றாவது ஆள் ஒளிந்திருப்பது அவனுக்குத் தெரியாது. சாப்பிடக்கூட எழுந்திருக்காததைப் பார்த்து உளறிவிட்டேன். திட்டவில்லை. "சிமிழைக் குடு" என்றான். அவ்வளவுதான்.

1990களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு, மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து கார்டெக்ட் என்ற ஒயர்லெஸ் டெலிபோன் முறையை உருவாக்கியது. வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி இழுக்கிற செலவை மிச்சம் பிடிக்கத்தான். கம்பியை ஒழிக்க வழி சொன்ன ஊரில், கம்பியை மாட்டி நாலு போர்டைக் காலி செய்த பெருமை எனக்கு.

மறுநாள் சாயங்காலம் இரண்டு சிமிழோடு பத்தாயிரம் தகவல் அனுப்பினான். ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆக, காற்றுதான் குற்றவாளி. எவ்வளவு மெல்லிய சிக்னல் வரை கேட்கிறது பார்க்கலாம் என்று நாலு சிமிழ் மாட்டினான். அப்போதும் ஜோராகக் கேட்டது. சந்தேகப்பட்டு ஒயரையே பிடுங்கினான். அப்போதும் கேட்டது! ஒரே மேஜையில் இருந்ததால் போர்டிலிருந்தே கசிந்து பேசிக்கொண்டிருந்திருக்கின்றன. அத்தையின் எவர்சில்வர் டிபன் டப்பாவில் ஓட்டை போட்டு, ஒன்றை உள்ளே வைத்து மூடிய பிறகுதான் அடங்கின. (டப்பாவுக்கு அத்தை கேட்ட கேள்விகளைப் பிரசுரிக்க முடியாது.)

கடைசியில் அலைவரிசையை 2480 மெகாஹெர்ட்ஸுக்குத் தள்ளினான். அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் 1, 6, 11 சேனல்கள், அங்கே எட்டுவதில்லை. ஆன்டெனா நல்லதா என்று கேபிள் சொல்லாதே, அதனால் அதை மாட்டி மாடிக்கு மாடி ஒருமுறை நடந்தோம். சாயங்காலம் ஏழு மணிக்குப் பத்துக்குப் பத்து.

அம்பத்தூருக்குப் பதினாறு போயிற்று. மீதி நாலுக்கு ஒரு மாதம் தவணை. அந்த நாலையும் லெட்ஜரில் 'சோதனைச் செலவு' என்று எழுதினேன். மச்சான் எட்டிப் பார்த்தான். பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினான்.