வாளியும் குழாயும் அம்மாவும்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது குடிப்பதைப் பற்றிய பதிவு இல்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பற்றியது. நம்பினால் நம்புங்கள் :)

போர்ட்லாண்டுக்குப் பொட்டி தட்ட வந்த மூணாவது வருஷம் எனக்கு இந்தக் கிறுக்கு புடிச்சது. ஓரிகன் ஹாப்ஸ் விளையற பூமி. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் வீட்டுலயே பியர் காய்ச்சறவர். நான் கொண்டு போன இட்லியை நாலு உள்ள தள்ளிட்டு, "மாவைப் புளிக்க வைக்கத் தெரிஞ்ச உனக்கு இது ஒரு விஷயமே இல்லை"ன்னு உசுப்பேத்தி விட்டார். இங்கே இது சட்டப்படி சரியான பொழுதுபோக்குதான். 1978ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்து போட்ட சட்டம். வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் வருஷத்துக்கு 100 கேலன், ரெண்டு பேர் இருந்தால் 200 கேலன், வரி கிடையாது, விற்கக் கூடாது. கடைசியா ஒத்துக்கிட்ட மாநிலங்கள் மிசிசிப்பியும் அலபாமாவும், 2013ல்.

கடைக்குப் போனா முதல் கேள்வியே கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? கண்ணாடிக் குடுவை பார்க்க ஜம்முனு இருக்கும். கீறல் விழாது, காத்து புகாது. ஆனா 19 லிட்டர் நிரம்பினா 25 கிலோவைத் தாண்டும். ஈரக்கையில நழுவினா ஆஸ்பத்திரிதான். பிளாஸ்டிக் வாளி சல்லிசு, உடையாது, வாய் அகலமா இருக்கறதால கையை விட்டுக் கழுவலாம். அடியில முக்கோணத்துக்குள்ள 2ன்னு போட்டிருந்தா அது எச்டிபிஈ, கூடவே உணவுக்கு ஏத்ததுன்னும் எழுதியிருக்கணும். 19 லிட்டர் காய்ச்ச 25 லிட்டர் வாளி வேணும், நுரை பொங்கி மேல வர இடம் விடணும்ல. குறை என்னன்னா, இந்த பிளாஸ்டிக் வழியா ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போகும். ரெண்டு மூணு வாரத்துக்குப் பிரச்சனை இல்லை. மாசக்கணக்கா வைக்க ஆகாது. இன்னொரு குறை, கீறல். உள்பக்கம் கீறல் விழுந்தா அதுக்குள்ள கிருமி ஒளிஞ்சுக்கும், எந்த மருந்துத் தண்ணியும் சரியாப் போய்ச் சேராது. அதனால மெத்துன்னு துணி மட்டும்தான்.

அடியில குழாய் வெச்ச வாளியா வாங்கினேன். மால்ட்டைக் கரைச்சு, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு, 20 டிகிரிக்கு ஆற வெச்சு, வாளியில ஊத்தி ஈஸ்ட் தூவி மூடிட்டா அலமாரிக்குள்ள அதுபாட்டுக்கு இருக்கும். மூடியில இருக்கற ஏர்லாக் மறுநாள் 'பொளக் பொளக்'னு பேச ஆரம்பிக்கும். (பேசலைன்னா பதற வேண்டாம். வாளி மூடி லேசா கசியும். ஹைட்ரோமீட்டர் சொல்றதை மட்டும் நம்பணும். 1.050ல ஆரம்பிச்சது 1.012ல நின்னா சுமார் 5 சதவீதம்.) நாலு தடவை காய்ச்சினேன், நாலும் அருமை. தலைக்கனம் ஏறிடுச்சு.

அப்பதான் அம்மா கோவில்பட்டியிலிருந்து ஆறு மாசம் இருக்க வந்தாங்க. வந்த ரெண்டாவது நாளே அலமாரியைத் திறந்து, "என்னய்யா இது, மாவு வாடை அடிக்கு?"ன்னாங்க. சொன்னேன். ஒண்ணும் பேசலை. எங்க வீட்ல குடின்னா அது சின்ன மாமா. அம்மாவோட ஒரே தம்பி. 42 வயசுல கல்லீரல் போய் செத்தார். அம்மா திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன், திட்டலை. ஒருநாள் நான் ஆபீஸ்ல இருந்து வந்தா, காலி வாளியைக் கம்பி நார் போட்டு பளபளன்னு தேய்ச்சுக் கவுத்து வெச்சிருந்தாங்க. "கறையா இருந்துச்சுய்யா."

உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். பூராவும் கீறல். இருந்தும் அடுத்த பியரை அதுலயே காய்ச்சினேன். ரெண்டு வாரத்துல மேலே வெள்ளையா ஆடை கட்டி, வாயில வைக்க முடியாத புளிப்பு. 19 லிட்டரையும் சிங்க்கில் கொட்டிக்கிட்டே கத்தினேன். "உங்களை யாரு தொடச் சொன்னா?" அம்மா அடுப்படியை விட்டு வெளியே போய் உட்கார்ந்துட்டாங்க. அதுக்கப்புறம் ஊருக்குக் கிளம்பற வரைக்கும் என் சாமான் எதையும் தொடலை. காபி டம்ளரைக் கூட "கழுவவாய்யா?"ன்னு கேட்டுத்தான் எடுத்தாங்க.

அம்மா போனபிறகு புது வாளி வாங்கினேன். குழாய் நல்லாத்தானே இருக்குன்னு பழசையே மாட்டினேன். அதுவும் புளிச்சுது. அதே ஆடை, அதே நாத்தம்.

பொழுதன்னிக்கும் பக் தேடறவனுக்கு அப்பத்தான் உறைச்சது. வாளி புதுசு, ஈஸ்ட் புதுசு. மாறாதது குழாய் ஒண்ணுதான். சுடுதண்ணியில போட்டு அழுத்தினா அது ரெண்டா கழலும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். உள்ளே பழுப்பா, வழவழன்னு, நாலு தடவை காய்ச்சின பியரோட மிச்சம். ஒருதடவை கூட நான் கழட்டிக் கழுவினதில்லை. கீறலும் துணை போயிருக்கலாம். ஆனா கீறலே இல்லாத புது வாளியிலயும் புளிச்சதே, அதுக்கு அம்மா என்ன பண்ணுவாங்க?

அன்னிக்கு ராத்திரியே போன் போட்டேன். "அம்மா, அன்னிக்கு உங்க மேல தப்பு இல்லை. நான்தான் குழாயைக் கழுவலை."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பியரு போனா போகுதுய்யா. நீ கத்துனப்ப அப்படியே தம்பி கத்துன மாதிரியே இருந்துச்சு. அதான் பயந்துட்டேன்"ன்னாங்க. நான் அன்னிக்கு ஒரு சொட்டு கூட குடிச்சிருக்கலை. அதைச் சொல்லலாம்னு வாயெடுத்து, சொல்லாம விட்டுட்டேன்.

இப்பவும் காய்ச்சறேன், வருஷத்துக்கு ரெண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் குழாயைக் கழட்டிக் கழுவறேன், ரப்பர் வாஷரையும் சேர்த்து. பழைய வாளியில சோனா மசூரி அரிசி கொட்டி வெச்சிருக்கேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். "வேப்பிலை காய வெச்சுப் போடு, வண்டு வராது"ன்னு பதில் வந்துச்சு.

டிஸ்கி: தமிழ்நாட்டில் உரிமம் இல்லாம வீட்டில் மது காய்ச்சறது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஊர்ல இருக்கற மக்கள் இட்லி மாவோட நிறுத்திக்குங்க.