கிதாருக்குள் ஓர் இணைப்பு

இராஜபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. நூற்பாலைகளும் கிணற்றுப் பாசனமும் உள்ள ஊரில் மோட்டார் எரிவதும் புதுக் கம்பி சுற்றுவதும் அன்றாட நிகழ்ச்சிகள். அத்தகைய கடையொன்றிற்குச் சென்ற ஆண்டு நாம் ஒரு மின் கிதாரை எடுத்துச் சென்றோம். கடைக்கார அண்ணாச்சி அதை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்குள்ளயும் காயில்தானே சார்?" என்று கேட்டுவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

கிதார் நம் தமையனாருடையது. எண்பதுகளில் மெல்லிசைக் குழுவொன்றில் வாசித்தவர். பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழித் திருவிழா நாள்களில் அவருடைய குழுவுக்கு எங்கேனும் ஒரு மேடை வாய்க்கும். அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பரணில் கிடந்ததை இறக்கியவள் அவர் மகள். கோவையில் பொறியியல் பயில்கிறாள். தானும் வாசிக்கவேண்டும் என்பது அவள் விருப்பம். ஆனால் விசையை நடுநிலையில் வைத்தால் ஒலி மெலிந்து, மெல்லின எழுத்துகளை மட்டும் கொண்டு பேசுவது போல மூக்கால் வருகிறது. தமையனார் எப்போதும் அந்நிலையில்தான் வாசித்தார். அந்தக் குரலைக் கேட்டே, கூட்டத்தின் கடைசியில் நிற்பவர்கள் வாசிப்பது யாரென்று சொல்வார்கள்.

இக்கருவியின் உள்ளமைப்பு எளியது. கம்பிகளுக்கு அடியில் காந்தத் துண்டுகள். அவற்றைச் சுற்றி மயிரிழையினும் மெல்லிய செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. இதுவே பிக்கப். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் கலைந்து சுருளில் மின்னழுத்தம் எழுகிறது. ஆனால் அச்சுருளுக்குத் தந்தியென்றும் டியூப்லைட்டென்றும் வேற்றுமை தெரியாது. நொடிக்கு 100 முறை திசைமாறும் நம் மின்சாரத்தின் இரைச்சலையும் அது வாங்கிக்கொள்ளும். திருவிழா மேடையை எண்ணிப்பாருங்கள்: வரிசையாக டியூப்லைட்டுகள், சீரியல் விளக்குகள், பின்னால் ஜெனரேட்டர். பாட்டு தொடங்குமுன்பே ஸ்பீக்கர் ரீங்கரிக்கத் தொடங்கிவிடும்.

இதற்கு மருந்து கண்டவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கக் கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர். 1955-இல் அவர் அமைத்த ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள். இரைச்சல் சுருளின் திசையை மட்டுமே பொறுத்தது. தந்தியின் ஒலியோ சுருளின் திசை, காந்தத்தின் திசை இரண்டையும் பொறுத்தது. ஆகவே ஒரு சுருளில் இரண்டையும் ஒருசேரத் திருப்பிவிட்டால், இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு அடங்கும். தந்தியொலி கூடி நிற்கும். இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடு என்று வகுப்பில் நாம் சொல்லிக்கொடுப்பதுதான்.

தமையனாரின் கிதாரில் இருப்பவை தனித்தனி ஒற்றைச்சுருள் பிக்கப்புகள் இரண்டு. அண்ணாச்சி மீட்டரின் முனைகளை மாட்டி, பிக்கப்பின் தலையில் ஸ்குரூ டிரைவரை ஒட்டவைத்து இழுத்தார். ஒன்றில் முள் வலப்பக்கம் துள்ளியது; மற்றதில் இடப்பக்கம். திசைகாட்டியை வைத்தால் காந்தங்கள் இரண்டும் ஒரே முகம். "ஒண்ணுல ஒயர் மாறிக் கிடக்கு சார். திருப்பிப் போட்டா சத்தம் நிறைஞ்சு வரும்" என்றார். பற்றவைப்புக் கோலை எடுத்தவர் நிறுத்தினார். மாறிய இரு ஒயர்களும் நீட்டப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஸ்லீவ் போடப்பட்டிருந்தது. "கைதவறி மாத்தினவன் ஸ்லீவ் போடமாட்டான். இது தெரிஞ்சு செஞ்ச வேலை."

விளக்கம் நம் அண்ணன் மகளிடமிருந்து வந்தது. காந்தத்தைத் தொடாமல் ஒயரை மட்டும் மாற்றினால், நடுநிலையில் இரைச்சல் ஏறத்தாழ அடங்கிவிடும். விலையாகத் தந்தியொலியின் அடித்தளமும் அடிபட்டுப்போகும். இரு பிக்கப்புகளும் தந்தியின் வெவ்வேறு இடங்களைக் கேட்பதால் மேல்நாதம் மட்டும் தப்பி நிற்கும். நாம் அவருடைய குரல் என்று எண்ணியது, டியூப்லைட்டுக்கு அஞ்சி அவர் கொடுத்த விலை. இதுபோன்ற குரலால் பெயர்பெற்ற கிதார் மேல்நாட்டிலும் உண்டு. பீட்டர் கிரீனின் லெஸ் பால் கிதாரில் ஒரு பிக்கப்பின் காந்தம் தலைமாறி அமைந்து, அந்த மூக்கொலியே அவருக்கு முத்திரையாயிற்று.

இனி என்ன செய்வது? ஆறு கால் ஸ்விட்ச் ஒன்றிருந்தால் ஒரு பிக்கப்பின் இரு முனைகளையும் வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். டோன் குமிழிலேயே இழுத்தால் மாறும் ஸ்விட்ச் அமைந்த வகை உண்டு. உடலில் துளையிட வேண்டாம். மாற்றப்படும் பிக்கப்பின் உலோக மூடிக்குத் தனி எர்த் ஒயர் வேண்டும். இல்லையேல் முனை மாறும்போது மூடியே இரைச்சலை வாங்கும். இவ்வளவும் எளிது. சிக்கல் வேறிடத்தில். காந்தங்கள் ஒரே முகமாக இருக்கும்வரை தந்தையின் மெல்லொலி அமைதியாக வரும். மகள் விரும்பும் நிறைவொலி இரையும். ஒரு காந்தத்தைத் திருப்பினால் நிறைவொலி அமைதியாகும், மெல்லொலி இரையும். இரண்டையும் அமைதியாகத் தரும் ஒயரிங் இதில் இல்லை. ஸ்விட்ச் எத்தனை போட்டாலும் இக்கணக்கு மாறாது.

அண்ணி இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "அவரு சத்தம் போயிருமா?" என்பது மட்டுமே அவர் கேள்வி.

திருப்புவதே முறை என்பது நம் கருத்தாயிருந்தது. வாசிக்கப்போகிறவள் அவள் அல்லவா? சொல்லியும் பார்த்தோம். "வேண்டாம் சித்தப்பா, நான் லைட்ல இருந்து தள்ளி நின்னுக்கிறேன்" என்றாள். சுருளும் இரைச்சலின் ஊற்றும் ஒன்றையொன்று நோக்கும் கோணம் மாறினால் இரைச்சல் குறையும் என்பது உண்மைதான். மேடையில் அதற்கு இடம் கிடைக்குமா என்பது வேறு.

காந்தங்கள் இருந்தபடியே இருக்கின்றன. பழைய ஸ்லீவ்களைக் கழற்றாமலே அண்ணாச்சி ஸ்விட்சைப் பற்றவைத்தார். குமிழை அமிழ்த்தினால் தந்தையின் இணைப்பு, இழுத்தால் மகளுடையது. இரு பிக்கப்புகளையும் தொடர் இணைப்பில் கோத்தால் ஒலி ஓங்கும், கூர்மை சற்று மழுங்கும். அதுவும் வேண்டும் என்கிறாள். அதற்கு இன்னொரு குமிழ் தேவை. மதுரையில் சொல்லி வைத்திருக்கிறார் அண்ணாச்சி.