எண்ணிட்ட கூடுகள்

பெரியவற்றைப் பேணுவதில் மனிதன் காட்டும் அக்கறையைச் சிறியவற்றைப் பேணுவதில் காட்டுவதில்லை. வீணையைப் பட்டுத் துணியால் போர்த்தி வைப்பான். தந்தியில் ஏறிய துருவைக் காணமாட்டான். மிதிவண்டியைப் பளபளக்கத் துடைப்பான். சங்கிலிக்கு ஒரு சொட்டு எண்ணெய் இடமாட்டான். துப்பாக்கி சுடும் போட்டிகளிலும் நிகழ்வது இதே கதைதான்.

அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் ஒரு போட்டிக்களம். இலக்குகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றன. ஓடியும் மண்டியிட்டும் படுத்தும் அவற்றைச் சுட வேண்டும். நடுத்தர வயதுடைய ஒருவர் ரைபிளுடன் நிற்கிறார். காலங்காட்டும் கருவி ஒலித்ததும் சுடத் தொடங்குகிறார். ஒன்பது குண்டுகள் குறி தவறவில்லை. பத்தாம் முறை விசையை இழுத்தபோது எழுந்தது வெடியோசை அன்று. 'டிக்' என்னும் வறட்டு ஓசை. அவர் கூட்டை உதறிவிட்டு வேறொன்றைச் செருகி மீண்டும் சுடுவதற்குள் சில நொடிகள் பறந்துவிட்டன. நொடியின் நூற்றில் ஒரு பங்கையும் கணக்கிடும் போட்டியில் அது பேரிழப்பு.

அவர் முதலில் ரைபிளை ஐயுற்றார். பிறகு, தோட்டாக்களைத் தம் கைப்படச் செய்து தந்த நண்பரை ஐயுற்றார். "உம் கைவேலையை நம்பி வந்தேன், என்னைத் தலைகுனிய வைத்துவிட்டீர்" என்று எல்லார் முன்னிலையிலும் சுடுசொல் வீசினார். நண்பர் ஒன்றும் பேசாமல் அகன்றார். இவரோ மணலில் கிடந்த கூட்டை எடுத்து, ஒரு முறை தட்டி, மற்றக் கூடுகளோடு பையில் போட்டுக்கொண்டார். பிழை அந்தப் பைக்குள் மீண்டும் குடிபுகுந்தது.

'மேகசின்' எனப்படும் தோட்டாக் கூடு எளிய பொருள். கழற்றி மாட்டக்கூடிய பெட்டிக் கூட்டுக்கு 1879-இல் காப்புரிமை பெற்றவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. மலாயாவின் அவசரகாலத்தில், 1948 முதல் 1960 வரை, தோட்டங்களைக் காத்த காவலர் தோளில் தொங்கிய லீ என்ஃபீல்டு ரைபிளில் அவர் பெயர் இன்றும் வாழ்கிறது. அதன் கூடு 10 தோட்டாக்களைக் கொள்ளும். பின்னர் வந்த எம்-16 ரைபிளுக்கு முதலில் 20 தோட்டாக் கூடும், அடுத்து 30 தோட்டாக் கூடும் அமைந்தன. சிங்கப்பூரில் தேசிய சேவை ஆற்றிய இளைஞர் பலரின் கைகள் அக்கூட்டை நன்கு அறியும்.

கூட்டுக்கு உறுப்புகள் நான்கே: உடல், சுருள்வில், தோட்டாவைத் தாங்கும் தட்டு, அடிமூடி. உடலின் மேல்விளிம்பு உள்நோக்கி வளைந்து இரண்டு உதடுகளாக நிற்கும். வில் தட்டை உந்தும். தட்டு தோட்டாக்களை உந்தும். உதடுகள் அவற்றைத் தடுத்து நிறுத்தும். ரைபிளின் உள்ளே முன்னும் பின்னும் ஓடும் போல்ட், மேலே நிற்கும் ஒரு தோட்டாவை மட்டும் தள்ளிக்கொண்டு செல்லும். இவ்வளவும் இமைப்பொழுதில் நடந்தாக வேண்டும். வில் தளர்ந்தால் தோட்டா உரிய நேரத்தில் மேலே வராது. போல்ட் வெறுமையாகக் கடந்துவிடும். உதடுகள் அகன்றால் தோட்டா கோணலாக எழும். தட்டு சாய்ந்தால் தோட்டாவின் மூக்கு கவிழ்ந்து முட்டும். இக்குறையை நீக்கவே அமெரிக்கத் தரைப்படை, சாயாத தட்டு பொருத்திய புதிய கூட்டை 2009-இல் அறிமுகப்படுத்தியது.

மிகுதியான தோட்டாக்களைக் கொள்ளும் கூடே சிறந்தது என்று புதியவர் எண்ணுவர். 5.56 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றின் எடை ஏறத்தாழ 12 கிராம். முப்பது தோட்டாக்கள் 360 கிராம். அறுபது தோட்டாக்கள் 720 கிராம். இதனுடன் கூட்டின் எடையும் சேரும். அந்தச் சுமையோடு ரைபிளைத் திருப்புவதும் நிறுத்துவதும் கடினம். நீண்ட கூடு, படுத்துச் சுடும்போது தரையில் முட்டும். ஆகவே, அறிந்தவர் முதலில் களத்தை நடந்து பார்ப்பர். எத்தனை குண்டுகள் தேவை, எங்கே படுக்க வேண்டும், எங்கே கூட்டை மாற்ற ஓய்வு கிடைக்கும் என்று கணக்கிடுவர். அதன் பின்னரே கூட்டைத் தேர்வர். அலுமினியக் கூடு இலேசானது. ஆனால் அடிபட்டால் நெளியும். நெகிழிக் கூடு நெளியாது, ஆனால் வெடிக்கக்கூடும். சட்டத்தையும் நோக்க வேண்டும். அமெரிக்காவில் பத்துக்கு மேற்பட்ட தோட்டாக்களைக் கொள்ளும் கூடுகளைப் பொதுமக்களுக்காகப் புதிதாகச் செய்வதை 1994-இல் ஒரு சட்டம் தடுத்தது. 2004-இல் அது காலாவதியாயிற்று. எனினும், சில மாநிலங்கள் தத்தம் வரம்புகளை வைத்திருக்கின்றன.

முழுக் கொள்ளளவுக்கு நிரப்புவதும் எப்போதும் நன்மை தராது. போல்ட் மூடியிருக்கும்போது நிறைந்த கூட்டைச் செருகினால், உள்ளே தோட்டாக்கள் அமுங்க இடமில்லாமல் கூடு சரியாகப் பற்றாது. அதனால் பலர் 30 தோட்டாக் கூட்டில் 28 மட்டுமே இடுவர். வியட்நாம் போரில் வீரர் பலர் 20 தோட்டாக் கூட்டில் 18 இட்டதும் இவ்வகை முன்னெச்சரிக்கையே. செருகியபின் ஒரு முறை கீழே இழுத்துப் பார்ப்பது நல்ல வழக்கம்.

பேணும் முறையோ எளிது. கூட்டில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அடிமூடியைக் கழற்ற வேண்டும். அழுந்தியிருக்கும் வில் துள்ளித் தெறிக்கும். விரலால் அதைத் தடுத்துக்கொள்ள வேண்டும். உடலின் உட்புறத்தை உலர்ந்த தூரிகையால் துடைக்க வேண்டும். எண்ணெய் வழிய இடலாகாது. எண்ணெய் மணலை அழைக்கும். நல்ல வில் அழுந்தியே இருப்பதால் எளிதில் கெடுவதில்லை. மீண்டும் மீண்டும் அழுந்தி விரிவதாலேயே தளரும். தளர்ந்த வில்லைக் கையால் இழுத்து நீட்டுவது ஒரு நாள் வைத்தியம். புதிய வில்லின் விலையோ சிறிது.

இவை அனைத்தினும் தலையாயது ஒன்று உண்டு: ஒவ்வொரு கூட்டின் மீதும் ஓர் எண் எழுதுவது. பத்துக் கூடுகளும் ஒரே தோற்றம் உடையன. எண் இல்லையேல் கெட்டது நல்லதன் நடுவே ஒளிந்துகொள்ளும். வகுப்பே மோசம் என்று சலித்துக்கொள்ளும் ஆசிரியர் எந்த மாணவன் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று அறியார். அவ்வாறே, ரைபிளே மோசம் என்பவரும் குறையின் முகத்தைக் கண்டவர் அல்லர்.

அரிசோனாக்காரர் இதைக் காலந்தாழ்த்தி உணர்ந்தார். ஓர் இரவு, கூடுகளையெல்லாம் மேசையில் பரப்பி, வெள்ளை மையால் ஒன்று முதல் பத்து வரை எழுதினார். பயிற்சிக் களத்தில் நிகழ்ந்த ஒவ்வொரு தடங்கலையும் எண்ணோடு குறித்தார். மூன்று வாரங்களில் நான்கு தடங்கல்கள். நான்கும் ஏழாம் எண்ணுக்கே உரியவை. வேறு தோட்டாவை இட்டுப் பார்த்தார், தடங்கியது. புதிய வில்லை மாட்டினார், அப்போதும் தடங்கியது. புதிய கூட்டோடு ஒப்பிட்டபோது, ஏழாம் எண்ணின் ஓர் உதடு மயிரிழை அகன்றிருந்தது. எத்தனையோ முறை மணலிலும் கல்லிலும் அவரே உதறி எறிந்த கூடு அது.

அவர் நெடுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். முதல் ரைபிளோடு வாங்கியது. எறிய மனம் வரவில்லை. பயிற்சிக்காவது இருக்கட்டும் என்று உள்ளம் கெஞ்சியது. ஆனால் பையில் இருப்பது ஒரு நாள் போட்டிக்கும் வரும். சுத்தியலால் அதன் வாயைத் தட்டி நசுக்கினார்.

நசுக்கியதைக் குப்பையில் இடவில்லை. மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு நண்பரின் வீட்டுக் கதவைத் தட்டினார். நண்பர் கதவைத் திறந்தார். இவர் அக்கூட்டை அவர் கையில் கொடுத்து, "குறை உம் தோட்டாவில் இல்லை, இதில் இருந்தது. இதைப் பார்க்காமல் பேசிய என்னிடமும் இருந்தது" என்றார்.

நண்பர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் மீது எழுதிய எண்ணைப் படித்தார். பிறகு, "மற்ற ஒன்பதையும் கொண்டுவாரும், உதடுகளை அளந்து பார்ப்போம்" என்று சொல்லி, வழிவிட்டு நின்றார்.